செகண்ட் ஹாண்ட் கொல்ஃப் ஸெட் 85,000 சொல்லுறார், எடுக்கலாமோ?

வெள்ளவத்தைவாசி:

வணக்கம் எல்லாருக்கும். கொல்ஃப் விளையாடுற ஆக்கள் இஞ்ச கொஞ்சப் பேராவது இருப்பியள் எண்ட நம்பிக்கையில கேக்கிறன். எனக்கு வயசு நாப்பது தாண்டிட்டுது, ஒஃபிஸில ரெண்டு மூண்டு பேர் சனிக்கிழமையில ரேஞ்சுக்கு (பந்தடிச்சுப் பழகிற இடம்) போறவை, அவையோட சேந்து போய்த்தான் பழகினது, இப்ப ஒரு கோச்சிட்ட ஒழுங்கா கிளாஸும் எடுக்கிறன், அவற்ற பழைய 7 அயர்னை (இரும்புத் தலை வச்ச கிளப், அதாவது பந்தடிக்கிற மட்டை) வச்சுத்தான் இவ்வளவு நாளும் அடிச்சுக்கொண்டிருக்கிறன். பந்து நடுவில பட்டு எழும்பேக்க கையில ஒண்டுமே தெரியாது, அந்தச் சுகம் பிடிச்சுப்போச்சு, இனி விடுற எண்ணம் இல்லை. ஆனா எவ்வளவு நாளைக்கு ஆற்றையோ கிளப்பை இரவல் வாங்கிறது.

புதுசு விலையைப் பாத்தா தலை சுத்துது. டெய்லர்மேட், கலவே போல கொம்பனியளின்ர புது டிரைவர் (ஆகத் தூரம் அடிக்கிற பெரிய தலைக் கிளப்) ஒண்டு அமெரிக்காவில 600 டொலர் மட்டில போகுது. டொலரை 300 எண்டு வச்சாலும் 180,000 ரூபா, அது ஒரே ஒரு கிளப்புக்கு மட்டும், இஞ்ச கொண்டு வாற செலவு கஸ்டம்ஸ் எல்லாம் வேற. அயர்ன் ஸெட் 1,000 டொலருக்கு மேல. 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபா மட்டில நிண்ட டொலர் ரெண்டு மாசத்துக்குள்ள 350 தாண்டினதைப் பாத்த குடும்பம் நாங்கள், ரெண்டு பிள்ளையளும் படிக்குதுகள், விளையாட்டுச் சாமானுக்கு லட்சக்கணக்கில குடுக்க மனம் வராது, குடுக்கவும் மாட்டன்.

இப்ப ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில ஒரு ஸெட் கண்டனான். ஜப்பானில இருந்து வந்ததாம், பையோட சேத்து டிரைவர், 3 வுட், 5 வுட், 5இல இருந்து 9 வரைக்கும் அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். வுட் எண்டுறது தூரத்துக்கு, வெட்ஜ் கிட்ட நிண்டு பந்தை எழுப்பி அடிக்க, பட்டர் குழிக்கு உருட்ட. எல்லாம் கிராஃபைட் ஷாஃப்ட் (தண்டு), அதில ஆர் எண்டு இளக்கத்தின்ர அடையாளம் போட்டிருக்குது. பட்டரில மட்டும் ஒரு அமெரிக்கக் கொம்பனிப் பேர், மிச்சம் எல்லாம் ஜப்பான் பேர். 85,000 சொல்லுறார், நுகேகொடைப் பக்கம், வந்து பாக்கலாமாம்.

நான் 5 அடி 6 அங்குலம், வலக்கை. என்ர கேள்வி இதுதான்: இந்த விலை சரியோ, போய்ப் பாக்கேக்க என்னத்தைப் பாக்கவேணும், பழசு எண்டா பந்து போற தூரம் குறையுமோ? இன்னொண்டு, மகளுக்குப் பதினொரு வயசு, என்னோட வந்து பாத்துட்டுத் தனக்கும் வேணும் எண்டு நிக்கிறா, இந்த ஸெட்டில 5 வுட்டையும் ஒரு அயர்னையும் அவளுக்கு வெட்டிக் குடுக்கலாம் எண்டு விக்கிறவர் சொல்லுறார். அது சரிவருமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பொரளை_கிரிப்:

தம்பி, செகண்ட் ஹாண்ட்தான் எடுக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. நான் கிரிப் (கைப்பிடி ரப்பர்) மாத்துற, கழண்ட ஹெட் ஒட்டுற வேலை செய்றவன், எங்கப்பா கெடியா (ஆடுறவங்களோட பையத் தூக்கிட்டுப் போறவர்) இருந்தவரு, சின்ன வயசுல இருந்து கிளப்புக்கு நடுவுலதான் வளந்தேன். அதனால எது தேயும், எது தேயாதுன்னு சொல்றேன், அது தெரிஞ்சா விலை சரியான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

அயர்ன் ஹெட் லேசுல சாகாது. வாரத்துக்கு ஒருக்கா ஆடுற ஆளோட அயர்ன் இருவது வருஷம் கழிச்சும் அடிக்கும். பட்டர் அதவிட மேல, வளைஞ்சிருந்தா ஒழிய அதுக்கு ஒண்ணும் ஆகாது. சாகுறது கிரிப்பு, வெட்ஜோட முகம், அப்புறம் ஹெட்டையும் ஷாஃப்ட்டையும் ஒட்டியிருக்கிற பசை. நம்ம ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இந்த மூணும் சீக்கிரமே போகும், அதுவும் கார் டிக்கிக்குள்ளயே பைய வச்சுட்டு வெயில்ல நிப்பாட்டுற பழக்கம் இங்க நிறையப் பேருக்கு இருக்கு, அந்தச் சூட்டுல பசை இளகும், ரப்பர் காஞ்சு கல்லாகிடும்.

போனதும் மொதல்ல கிரிப்பப் பிடிங்க. பளபளன்னு கண்ணாடி மாதிரி மின்னுச்சுன்னா, வழுக்குச்சுன்னா, அத்தனையும் மாத்தணும்னு கணக்குல எழுதிக்கிங்க. கோல்ஃப் பிரைட் மாதிரி ரப்பர் கிரிப் ஒண்ணு அமெரிக்காவிலயே ஆறு ஏழு டொலர் வரும், பத்துக் கிளப்புக்குப் பெருக்கிப் பாருங்க, கூலி தனி. விக்கிறவங்க இந்தச் செலவ ஒருத்தரும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க.

அடுத்தது ஷாஃப்ட். கிராஃபைட்னு சொல்றீங்க, அப்போ கவனமா பாருங்க, கிளப்ப பையில போட்டு எடுத்து போட்டு எடுத்து, பையோட வாய் விளிம்புல உரசி ஷாஃப்ட்ல ஒரு எடத்துல வளையம் போட்ட மாதிரி தேஞ்சிருக்கும். பெயிண்ட் மட்டும் போயிருந்தா பரவால்ல. விரல் நகத்த அந்த எடத்துல மெதுவா ஓட்டிப் பாருங்க, நார் நாரா தட்டுப்பட்டுச்சுன்னா, கறுப்பு இழை வெளிய தெரிஞ்சுதுன்னா அந்தக் கிளப்ப கீழ வச்சுடுங்க, ஏன்னா அது அடிக்கிற நேரம் நடுவுல முறிஞ்சு பக்கத்துல நிக்கிறவர் மேல போகும். ஸ்டீல் ஷாஃப்டா இருந்தா மேசையில உருட்டிப் பாருங்க, வளைவு இருந்தா ஹெட் ஆடி ஆடிச் சுத்தும், குழி விழுந்த துருவும் பாருங்க, மேல தூசி மாதிரி இருக்கிற துரு துடைச்சா போயிடும்.

பிறகு ஒரு கையால கிரிப்பையும் மறுகையால ஹெட்டையும் பிடிச்சு திருகிப் பாருங்க. கொஞ்சம் கூட அசையக் கூடாது. ஷாஃப்ட் ஹெட்டுக்குள்ள போற எடத்துல கறுப்பு பிளாஸ்டிக் வளையம் ஒண்ணு இருக்கும், ஃபெரூல்ம்பாங்க, அது மேல ஏறி இடைவெளி தெரிஞ்சா பசை விட்டுடுச்சோன்னு சந்தேகப்படுங்க. ஒட்டிக்கலாம், பெரிய வேலை இல்ல, ஆனா விலையில குறைக்கணும். டிரைவர காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள ஏதாச்சும் உருளுற சத்தம் வந்தா பசைத் துண்டு கழண்டிருக்கும், அதுவும் பரவால்ல. மேல் மூடியிலயும் முகத்தோட ஓரத்துலயும் முடி மாதிரி வெடிப்பு இருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, அது இருந்தா டிரைவர் முடிஞ்சுது.

இன்னொண்ணு, அயர்ன் அஞ்சையும் சுவத்துல சாத்தி வரிசையா நிப்பாட்டுங்க. படி படியா அரை அங்குலம் அரை அங்குலமா இறங்கணும். ஒண்ணு மட்டும் வேற உயரம், இல்ல ஷாஃப்ட்ல ஒட்டியிருக்கிற லேபல் வேறன்னா, அது இடையில எங்கயோ உடைஞ்சு மாத்துனது.

பதினாலு கிளப் வரைக்கும் பையில வைக்கலாம்னுதான் ரூல்ஸ் சொல்லுது, பதினாலும் வேணும்னு சொல்லல. புதுசா ஆடுறவருக்கு ஏழு போதும். ஒரு 5 வுட், 6, 7, 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். டிரைவர ஆறு மாசம் தொடாம இருந்தா உங்க கோச் சந்தோஷப்படுவாரு.

மூன்று_பட்:

மேல சொன்ன அண்ணன் அனுபவசாலி, மறுக்கல. ஆனா எனக்கு வேற அபிப்பிராயம் இருக்கு. வெளிநாட்டுல புதுசா தொடங்குறவங்களுக்குன்னே பெட்டியோட ஸெட் விக்கிறாங்க, வில்சன் இருக்கு, கலவேயோட ஸ்ட்ராட்டா இருக்கு, பையோட சேத்து 300, 400 டொலருக்குள்ள முடியும். சொந்தக்காரர் யாராச்சும் வாற நேரம் 300 டொலர் ஸெட் ஒண்ணக் கொண்டு வரச் சொன்னா 85,000க்கு மேல கொஞ்சம்தான் போகும், புதுச் சாமான், கிரிப் பிரச்சின இல்ல, வெடிப்பு இல்ல, யார் வச்சிருந்ததுன்ற கவலையும் இல்ல. கொண்டு வாறவங்க எயார்லைன்ல ஸ்போர்ட்ஸ் பேக் விஷயத்த முன்கூட்டியே கேட்டுக்கணும், அதுதான் ஒரே தலையிடி.

எனக்கு செகண்ட் ஹாண்ட்ல பயம் வேற ஒண்ணு, டூப்ளிகேட். பெரிய கொம்பனி டிரைவருக்கெல்லாம் அச்சு அசலா போலி வருது. நண்பர் ஒருத்தர் ஒரு விளம்பரத்தப் பாத்து நல்ல பேர் போட்ட டிரைவர் ஒண்ணு எடுத்தாரு, ஹெட் கவர்ல தையல் கோணலா இருந்துச்சு, எழுத்துல பெயிண்ட் விளிம்பு தாண்டி வழிஞ்சிருந்துச்சு, காந்தம் வச்சுப் பாத்தா முகத்துலயே கப்புனு ஒட்டுது. அந்த மாதிரி டிரைவர் முகம் பெரும்பாலும் டைட்டேனியம், டைட்டேனியத்துல காந்தம் ஒட்டாதுங்க, ஒட்டுனா அது இரும்பு. அடியில இருக்கிற ஸ்க்ரூ, வெயிட் இதுகள்ல ஒட்டலாம், அத வச்சு முடிவு பண்ணக் கூடாது, முகத்துலயும் மேல் மூடியிலயும்தான் பாக்கணும். பிங் மாதிரி சில கொம்பனி சீரியல் நம்பர் அடிச்சிருக்கும், கொம்பனிக்கு எழுதிக் கேட்டா அந்த நம்பர் எந்த ஸெட்டோடதுன்னு பதில் வரும்.

அதனால செகண்ட் ஹாண்ட்தான்னு முடிவு எடுத்தா, பேர் தெரியாத ஜப்பான் பிராண்ட் எடுக்கிறது ஒரு விதத்துல நல்லது. பேர் இல்லாத சாமானுக்கு யாரும் போலி செய்ய மாட்டாங்க.

வெள்ளவத்தைவாசி:

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பொரளை அண்ணை சொன்னதெல்லாத்தையும் போனில குறிச்சுக்கொண்டு நேற்றுப் பின்னேரம் போய்ப் பாத்தனான். பெட்டி ஸெட் யோசனை நல்லது எண்டாலும் இப்போதைக்கு அங்க இருந்து வாற ஆக்கள் ஒருத்தரும் இல்லை, கூரியரில எடுத்தா செலவு எங்கயோ போய் நிக்கும்.

அயர்ன் அஞ்சும் ஒரே லேபல், உயரம் படி படியா இறங்குது, திருகிப் பாத்தன் ஒண்டும் அசையேல்ல. பை விளிம்பு உரசின வளையம் 7 அயர்னிலயும் 9இலயும் இருக்குது, நகத்தை ஓட்டினா வழுவழு எண்டுதான் இருக்குது, பெயிண்ட் மட்டும் போயிருக்குது. கிரிப் எல்லாம் காஞ்சு மினுங்குது, 5 வுட்டில வெடிச்சும் கிடக்குது. சாண்ட் வெட்ஜ் முகத்தில கோடு எல்லாம் மழுங்கிப்போச்சு, ஓரத்தில மண்ணிறத் துரு. பிட்சிங் வெட்ஜின்ர அடியில 44 எண்டு அடிச்சிருக்குது, சாண்ட் வெட்ஜில 56. டிரைவர் பாக்க வடிவாத்தான் இருக்குது, வெடிப்பும் இல்லை, ஆனா கன வருசத்துக்கு முந்தினது எண்டு விக்கிறவரே சொல்லுறார், முகம் மெல்லிசு, அதால தூரம் கூடப் போகும் எண்டு அதையே பெருமையாவும் சொல்லுறார். அது உண்மையோ? 44, 56 எண்டுறது என்ன கணக்கு?

தெமட்டகொட_நானா:

தம்பி அந்த டிரைவர் கதைய நான் செல்றேன், இது ஜப்பான் சாமான் எடுக்கிற எல்லாரும் தெரிஞ்சிரிக்க வேண்டிய விஷயம்.

டிரைவர் முகம் ஸ்ப்ரிங் மாதிரி உள்ள போய் வெளிய வரும், அதுல பந்து தெறிக்கும். எவ்வளவு தெறிக்கலாம்னு ரூல்ஸ்ல ஒரு எல்லை ஈக்கி, சீ.ஓ.ஆர். (தெறிப்பு அளவு) 0.83ம்பாங்க. அமெரிக்காவுல அந்த எல்லை முந்தியே வந்திட்டு, ஆனா ஆர் அண்ட் ஏ (கொல்ஃப் ரூல்ஸ் போடுற பிரிட்டன் அமைப்பு) ரூல்ஸ் போற நாடுகள்ல, ஜப்பான் நம்ம நாடு எல்லாம் அதுல வரும், எல்லாருக்கும் கட்டாயமானது 2008 ஜனவரி ஒண்டாம் திகதில இருந்துதான். அதுக்கு முந்தி ஜப்பான் கொம்பனிகள் சும்மா ஆடுற ஆக்களுக்குன்னு எல்லை தாண்டின மெல்லிசு முகம் வச்சு டிரைவர் செஞ்சு வித்தாங்க. அங்க ரூல்ஸ் மாறினதும் அந்தச் சாமானுக்கு மவுசு போய்ட்டு, பழைய சாமானோட சாமானா அதுவும் நம்ம ஊர் மாதிரி எடங்களுக்கு வந்து சேருது. நீங்க பாத்தது அதுல ஒண்டா இரிக்கலாம். 2008க்குப் பிறகு வந்ததுகள்ல எஸ்.எல்.ஈ. ரூலுக்கு (இந்த ஸ்ப்ரிங் தெறிப்பு ரூல்தான்) சரின்னு அடியிலயோ ஸ்டிக்கர்லயோ போட்டிருப்பாங்க. ஆர் அண்ட் ஏ வெப்சைட்ல சரியான டிரைவர் ஹெட் லிஸ்ட் ஈக்கி, பேரையும் அடியில இரிக்கிற அடையாளத்தையும் வச்சுத் தேடிப் பாருங்க. ரேஞ்சுல அடிக்க ஒரு தடையும் இல்ல, ஆனா நாளைக்கு ஒஃபிஸ் டூர்னமெண்ட்னு ஒண்டு வந்தா அத பையில இருந்து எடுத்துட்டுத்தான் போகணும். அப்டி ஒரு கிளப்புக்கு என்னத்துக்கு சல்லி குடுக்கிற?

பழசுன்னா தூரம் குறையுமான்னு கேட்டீங்க. இந்த ரூல்ஸாலதான் குறையாதுன்னு நான் தைரியமா செல்றேன். ஹெட் பெருசு 460 சீசீக்கு மேல போகேலாது, தெறிப்பு 0.83 தாண்டேலாது, ரெண்டும் கட்டிப்போட்டு ஈக்கி. வருஷா வருஷம் புது டிரைவர் விட்டு புது விளம்பரம் போடுறாங்க, ஆனா நடுவுல பட்ட பந்து பத்து வருஷத்துக்கு முந்தின நல்ல டிரைவர்லயும் கிட்டத்தட்ட அதே தூரம்தான் போகும். மாறினது ஓரத்துல பட்டாலும் கொஞ்சம் நேரா போற வசதி. அந்த வசதிக்குப் புதுசு விலை குடுக்கத் தேவல்ல, ரெண்டு மூணு மொடல் பிந்தினத எடுத்தா போதும், பாதிக்கும் குறைவா வரும்.

44, 56ன்றது லொஃப்ட், முகம் எவ்வளவு சாஞ்சு ஈக்குதுன்ற டிகிரி. கூட கூட பந்து உயரமா போகும், தூரம் குறையும். பழைய காலத்துல பிட்சிங் வெட்ஜ் 48 கிட்ட இரிக்கும், 7 அயர்ன் 34, 35. இப்ப தூரம் காட்டுறதுக்காக எல்லாத்தையும் நிமித்திட்டாங்க, 7 அயர்ன் 30க்குக் கீழயும் வருது. அதனால உங்க கோச்சோட பழைய 7ல அடிச்ச தூரத்தையும் இந்த 7ல அடிக்கிறதையும் ஒப்பிட வாணாம், நம்பர் ஒண்டு, கிளப் வேற. உங்க ஸெட்ல 44க்கும் 56க்கும் நடுவுல 12 டிகிரி ஓட்டை, அந்த ரெண்டுக்கும் நடுவுல வாற தூரத்த முழு வீச்சுல அடிக்க உங்ககிட்ட கிளப் இல்ல. 50 டிகிரி வெட்ஜ் ஒண்டு தனியா தேடுங்க. 56 எப்டியும் மழுங்கிட்டு, அத மாத்தும்போது ரெண்டையும் சேத்து எடுங்க. வெட்ஜ் மட்டும் புதுசா எடுத்தா நான் குறை செல்ல மாட்டேன், கோடு கூரா இருந்தாத்தான் பந்து கிரீன்ல (குழி ஈக்கிற கட்டையா வெட்டின புல்லு) விழுந்து நிக்கும்.

ஆர்னு போட்டிருக்கிறதும் கவனிங்க. ஜப்பான் ஆர் அமெரிக்க ஆர விட இளக்கம், எடையும் குறைவு. நாப்பது தாண்டின, 5 அடி 6 உயரமான, மெதுவா வீசுற ஆளுக்கு அது நல்லாப் பொருந்தும். பலமா வீசுறவர்னா எஸ்.ஆர். பாக்கணும், அது ஆருக்கும் ஸ்டிஃப்புக்கும் (விறைப்பான ஷாஃப்ட்) நடுவுல. கோச்சுகிட்ட ஒருக்கா கேளுங்க, உங்க வீச்சப் பாத்தவர் அவர்தான்.

ராஜகிரிய_அம்மா:

மகளைப் பற்றி ஒருத்தரும் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல, அதால நான் எழுதுறன். என்ர மகனும் மகளும் ரெண்டு பேரும் விளையாடுறவை.

தயவுசெய்து வெட்டிக் குடுக்காதேங்கோ. அயர்னை வெட்டினா நீளம் மட்டும்தான் குறையும், ஹெட்டின்ர பாரம் பெரிய ஆம்பிளைக்குச் செய்ததுதான், அது அப்பிடியே இருக்கும். வெட்ட வெட்ட ஷாஃப்ட் இன்னும் விறைக்கும். கிரிப்பும் மொத்தம், சின்னக் கைக்குள்ள அடங்காது. பிள்ளை அந்தப் பாரத்தைத் தூக்கி எறியிறதுக்காகத் தோளால இழுத்து உடம்பை வளைச்சு வீசப் பழகும், பிறகு அந்தப் பழக்கத்தை மாத்துறதுக்கு எந்தக் கோச்சும் வருசக்கணக்கில பாடுபடவேணும். ரேஞ்சில எத்தினை பிள்ளையள் அப்பாவின்ர வெட்டின கிளப்போட நிண்டு, பந்து எழும்பாம, ஒரு மாசத்தில வேண்டாம் எண்டு விட்டிட்டுப் போறதை நான் பாத்திருக்கிறன். பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும். பிள்ளைக்கு ஆர்வம் இல்லை எண்டு தாய் தேப்பன் நினைக்கினம், கிளப்தான் பிழை.

பிள்ளையளின்ர ஸெட் வயசைப் பாத்து எடுக்கிறதில்லை, உயரத்தைப் பாத்து எடுக்கிறது. யூ.எஸ். கிட்ஸ் எண்டு ஒரு கொம்பனி உயரத்துக்கு ஒரு நிறம் வச்சு ஸெட் செய்யுது, மூண்டு அங்குலத்துக்கு ஒரு சைஸ். உங்கட மகளை வெறுங்காலோட சுவரில நிப்பாட்டி அளந்துபோட்டு அந்த அட்டவணையைப் பாருங்கோ. செகண்ட் ஹாண்டில எதை எடுத்தாலும் ஆதாயம் எண்டு ஒண்டு இருக்கும் எண்டா அது பிள்ளையளின்ர ஸெட்தான், ஏனெண்டா தேயிறதுக்கு முந்தியே பிள்ளை வளந்திடும். நாலு கிளப் காணும் அவளுக்கு, ஒரு வுட், 7 அயர்ன், வெட்ஜ், பட்டர். நாங்கள் தாய்மார் சேந்து ஒரு வட்ஸ்அப் குழுவில கை மாத்திக் கை மாத்திக் குடுத்து வாறம், என்ர மகளின்ர சின்ன ஸெட் மூண்டாவது பிள்ளையிட்டப் போயிட்டுது, இன்னும் அப்பிடியே கிடக்குது. 5 அடி தாண்டினாப் பிறகு ஜப்பான் லேடீஸ் ஸெட் பாருங்கோ, எல் எண்டு போட்டிருக்கும், பாரம் குறைவு, அதில வேணுமெண்டா அரை அங்குலம் வெட்டலாம்.

கொல்ஃப் பணக்காரரின்ர விளையாட்டு, பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு எண்டு சொந்தக்காரர் சொல்லுவினம். இந்த ஊரில கொல்ஃப் தொடங்கினது 1879இல காலிமுகத்திடல் புல்லில, பிறகுதான் 1896இல பொரளைக்குப் போனது. இண்டைக்கு அதே திடலில எங்கட பிள்ளையள் பட்டம் விடுதுகள். பத்தரமுல்லையில வாட்டர்ஸ் எட்ஜ் மைதானமும் 2008 உயர் நீதிமன்றத் தீர்ப்போட முடிஞ்சுபோச்சு, எங்கட பிள்ளையள் பழகிறதுக்கு இருக்கிற இடமே கொஞ்சம். அதுக்குள்ள வாற ஒரு பிள்ளையைப் பிழையான கிளப்பைக் குடுத்துத் திருப்பி அனுப்பக் கூடாது. உங்கட மகளின்ர உயரத்தை எனக்கு இன்பொக்ஸில போடுங்கோ, எங்கட குழுவில கேட்டுப் பாக்கிறன்.

பொரளை_கிரிப்:

அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. வெட்டுறதுக்கு என்கிட்ட கொண்டு வாறவங்களையும் நான் திருப்பித்தான் அனுப்புறேன், அந்தச் சல்லி எனக்கு வேணாம்.

தம்பி இப்போ விலைக்கு வருவம். நீங்க பாத்துட்டு வந்து எழுதுனத வச்சு, அந்த ஸெட்டுல உசிர் அயர்ன் அஞ்சும் பிட்சிங் வெட்ஜும்தான், அது நல்ல அயர்ன், விடாதீங்க. ரெண்டு வுட்டும் கிரிப் மாத்துனா பாவிக்கலாம். சாண்ட் வெட்ஜுக்கு விலையே இல்ல. டிரைவர் நானா சொன்ன மாதிரி சந்தேகம், அத அவரையே வச்சுக்கச் சொல்லிட்டு அதுக்குக் குறைங்க. பட்டர் கையில பிடிச்சுப் பாத்து, கீழ வச்சதும் முகம் உங்க கண்ணுக்கு நேரா தெரிஞ்சா எடுங்க, பட்டர் பழசு புதுசு பாக்கிற சாமான் இல்ல, கண்ணுக்குப் பொருந்தணும், அவ்வளவுதான். கிரிப் மாத்துற செலவ அவர் முன்னாலயே கணக்குப் பாத்துக் காட்டுங்க, மரியாதையா பேசுங்க, சாமானக் குறை சொல்லிப் பேரம் பேசுனா மனுசங்களுக்குக் கோவம் வரும், செலவக் காட்டிப் பேசுனா இறங்குவாங்க. அறுபதுக்கு வந்தா எடுங்க. எழுவதுக்கு மேலன்னா விடுங்க, ஜப்பான் ஸெட் இன்னொண்ணு வரும், அவசரமே இல்ல.

வெள்ளவத்தைவாசி:

அண்ணை, 62,000க்கு முடிஞ்சுது. டிரைவர் வேண்டாம் எண்டதும் முதலில முகம் சுருங்கினவர், கிரிப் கணக்கைக் காட்டினாப் பிறகு தானே இறங்கி வந்தார், நல்ல மனிசன், பையுக்கு மழைக்கவர் ஒண்டும் சும்மா தந்தவர். பட்டரில அமெரிக்கக் கொம்பனிப் பேர் கிடந்ததால காந்தமும் கொண்டு போனனான், மூன்று_பட் சொன்னது ஞாபகம் வந்தது, ஆனா பட்டர் இரும்புதானே எண்டு அங்க போய்த்தான் யோசிச்சன், அதால எழுத்தையும் பெயிண்டையும் தான் பாத்தது, சுத்தமா இருக்குது. அக்கா, மகளின்ர உயரம் அனுப்பியிருக்கிறன், நீங்கள் இவ்வளவு அக்கறையா எழுதினதை அவளுக்கும் வாசிச்சுக் காட்டினன். நானா, 50உம் 56உம் ரெண்டும் தேடத் தொடங்கிட்டன்.

ஒரு கடைசிக் கேள்வி. கிரிப்பை வீட்டில நானே மாத்தலாமோ? யூடியூபில பாத்தா லேசு போல கிடக்குது, பெற்றோல் ஊத்திச் செய்யினம்.

பொரளை_கிரிப்:

செய்யலாம் தம்பி, ஆனா கிராஃபைட்ல பிளேடப் போட்டு அறுக்கிற நேரம் அவதானம், நேர் பிளேடு வேணாம், கொக்கி பிளேடு வாங்குங்க, வெட்டு வெளிப்பக்கமா வரணும், ஷாஃப்ட்ட கீறுனா போச்சு. பழைய டேப்ப சுரண்டும்போதும் கத்தி வேணாம், ஹெயார் டிரையரால சூடாக்கி விரலால உரிங்க. பெற்றோல் வீட்டுக்குள்ள வேண்டவே வேணாம், பெயிண்ட் கடையில வைட் ஸ்பிரிட் கிடைக்கும், முத்தத்துல வச்சுச் செய்ங்க. ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்ப சுத்தி, நுனியில கொஞ்சம் மிச்சம் விட்டு ஷாஃப்ட் ஓட்டைக்குள்ள மடிச்சு விடுங்க, கிரிப்போட அடி ஓட்டைய விரலால பொத்திக்கிட்டு உள்ள ஸ்பிரிட்ட ஊத்திக் குலுக்கி, அதையே டேப் மேல ஊத்தி, ஒரே தள்ளுல தள்ளணும், பாதியில நிப்பாட்டுனா அங்கயே பிடிச்சுக்கும். நேரா இருக்கான்னு உடனே பாத்துத் திருகிக்கிங்க, பிறகு ராத்திரி பூரா விட்டுடுங்க.

கிரிப் வாங்க முந்தி ஷாஃப்ட் மேல் முனையோட தடிப்ப அளந்து என்கிட்ட சொல்லுங்க, ஜப்பான் கிரிப்ல எம் 58, எம் 60ன்னு ரெண்டு அளவு வரும், மாத்தி வாங்குனா ஒண்ணு மொத்தமாகும் இல்ல மெல்லிசாகும். மொதல் ஒண்ண சாண்ட் வெட்ஜுல செஞ்சு பழகுங்க, அது எப்படியும் மாத்தப் போற கிளப்.

ராஜகிரிய_அம்மா:

தம்பி, குழுவில கேட்டனான், மகளின்ர சைஸுக்கு நாலு கிளப் தெஹிவளையில ஒரு அம்மாவிட்ட இருக்குதாம், பை மட்டும் கிழிஞ்சிருக்குதாம். நம்பரை இன்பொக்ஸில போட்டிருக்கிறன். மகளையும் கூட்டிக்கொண்டு போய் அவளின்ர கையில குடுத்துப் பாத்திட்டு எடுங்கோ.